சாவி இல்லாத வண்டி

என் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சாவி" என்றால் அவர்தான். கடைத்தெரு மேட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் அவருடைய கடை. சாவி வெட்டும் மிஷின், நாலைந்து அரம், சுவர் நிறைய ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள், நடுவில் இவர். ஆள் குட்டை. கல்யாண போட்டோ எடுத்தவன் இவரைச் செங்கல் மேல் ஏற்றி நிறுத்தினான், அப்படியும் என் காது மட்டத்துக்குத்தான் வந்தார். ஆனால் கை என்றால் அப்படி ஒரு கை. தொலைந்துபோன சாவிக்கு, பூட்டின் ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டு மறுசாவி செய்து கொடுப்பார்.

பூட்டு அவருக்குத் தொழில் மட்டுமில்லை, குணமே அதுதான். எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குக்கூடப் பூட்டு உண்டு. அவரவர் பொருளை அவரவர்தான் தொட வேண்டும் என்பது அவர் கட்சி. ஒருநாள் எரிச்சலில், என் வாய்க்கும் ஒன்று போட்டுவிடுங்களேன் என்றேன். அந்த அளவுக்கு உறுதியான பூட்டு இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், அவர், அவருடைய தங்கை, தங்கையின் பெண் குழந்தை. நாத்தனார் புருஷனோடு ஒத்துப்போகாமல் வந்தவள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். எங்களுக்குக் குழந்தை இல்லாததால் அவள் பெற்ற வாலு எங்கள் மூன்று பேர் தலையிலும் ஏறி உட்கார்ந்திருந்தாள். பள்ளமான தெருவில் ஓட்டு வீடு. ஒட்டினாற்போல, எங்கள் மாமனார் காலத்து மரக்கிடங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. அது காலியாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போதும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பித்தளைத் துண்டு வாங்கலாம் என்று பழைய இரும்புக் கிடங்குக்குப் போனவர், ஒரு ராணுவ லாரியைப் பார்த்து மயங்கிவிட்டார். அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கிடங்கு வைத்திருந்தவர் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் பட்டாளத்துக்காரர். அங்கே இருந்த வண்டிகள் எல்லாம் சுவரைப் பார்த்து நின்றன. இந்த ஒன்று மட்டும் வாசல் கேட்டைப் பார்த்து நின்றது. அதை மட்டும் ஏன் திருப்பி நிறுத்தியிருக்கிறீர்கள் என்று சும்மாதான் கேட்டேன். "அது அப்படித்தாங்க நிக்கும்" என்றார் பட்டாளத்துக்காரர். உடனே டீ சொல்லி அனுப்பினார்.

இவர் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, டேஷ்போர்டு முழுக்க விரலால் தடவிக்கொண்டிருந்தார். மேலே பார்த்தார், கீழே குனிந்தார், ஸ்டீயரிங்குக்கு அடியில் டார்ச் அடித்தார். இரும்பில் ஒரு சின்னத் திருகு சுவிட்ச் இருந்தது. சாவி ஓட்டையைக் காணோம். வாழ்நாளெல்லாம் சாவி வெட்டின மனுஷனுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாவியைத் தொலைத்துவிட்டீர்களா என்று பட்டாளத்துக்காரரைக் கேட்டார்.

"பட்டாளத்து வண்டிக்கு ஏதுங்க சாவி?" என்று அவர் சிரித்தார். "யாரு ஓட்டுறாங்கறது முக்கியமில்ல, வண்டி கிளம்பணும். ஓட்டுறவன் குண்டடி பட்டு விழுந்தா, பக்கத்துல இருக்கிறவன் ஏறி எடுத்துட்டுப் போயிடுவான். சாவின்னு ஒண்ணு இருந்து, அது செத்தவன் சட்டைப் பையில மாட்டிக்கிச்சுன்னா மத்தவங்க கதி என்ன ஆகும்?"

இவர் அதைக் கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. சாவி இல்லாத வண்டியா என்று வீடு வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அந்த வண்டியை வாங்கியும் விட்டார்.

மரக்கிடங்கின் பின்சுவரில் பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. இன்ஜின் வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் வண்டியின் மூக்கை அந்த ஜன்னல் பக்கமாக, உள்ளே பார்க்க நிறுத்தச் சொன்னார். கட்டி இழுத்து வந்தவர்கள் அப்படியே தள்ளி நிறுத்திவிட்டுப் போனார்கள். இருபுறமும் ஒரு ஆள் நடந்து போகத்தான் இடம். பின்புறம் தெருக் கதவு. இதை மறந்துவிடாதீர்கள். உள்ளே வைத்து அந்த வண்டியைத் திருப்பவே முடியாது. தெருவுக்குக் கொண்டுபோய்த் திருப்பிவிட்டு, ரிவர்ஸில்தான் உள்ளே விட வேண்டும்.

அதற்கப்புறம் என் வீடு என் வீடாக இல்லை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்தால் நேராகக் கிடங்குக்குள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, மேலே இருந்த நீலத்தை எடுத்தார். அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே பச்சை. இவர் மூக்கில் விரலை விட்டால் மூன்று நிறமும் வந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி என் சாப்பாட்டுத் தட்டில் பரப்பிவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவினார். அது என்னுடைய பிரஷ் என்பது மறுநாள் காலையில் பெட்ரோல் ருசித்தபோதுதான் தெரிந்தது. பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தினமும் வந்து கையால் அசைத்துப் பார்ப்பார். கோமாவில் கிடக்கிறவனைப் பார்க்கப் போவதுபோலப் போவார், வருவார். திட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும், அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இன்ஜின் பிடித்த அன்று தெருவே வந்து நின்றது. வீட்டுப் பாத்திரமெல்லாம் அலமாரியில் கிடந்து ஆடியது. இவர் அழுதார். அழுது முடித்துவிட்டு ஓட்டப் போனால் கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை. நாத்தனார் சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்துவிட்டது. அப்புறம் நான்தான் பழைய திரைச்சீலையை வெட்டி, பஞ்சு அடைத்து, உட்காரவும் சாயவும் சேர்த்து ஒரு திண்டு தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டால் எட்டியது. நாத்தனாருக்கு அது வேண்டியிருக்கவில்லை, அவள் எங்கள் வீட்டு நெட்டை. இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவைச் சுற்றி வந்துவிட்டு, ஜன்னலைப் பார்க்க வண்டியை நிறுத்தினார்கள். இன்னும் வேலை பாக்கி இருந்தது.

மறுநாள் காலை கிடங்கைத் திறந்தேன். வண்டி தெருவைப் பார்த்து நின்றது.

இவர்தான் திருப்பியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். குழந்தைக்கு வேடிக்கை காட்ட நாத்தனார் திருப்பியிருப்பாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த வண்டியைக் கிளப்பினால் பாத்திரம் ஆடும், பக்கத்து வீட்டு நாய் ஊளையிடும். ஒருத்தர் காதிலும் ஒன்றும் விழவில்லை. நான் பானட் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. என் திண்டு சீட்டுக்குக் கீழே, தரையில் கிடந்தது. இவரைவிட உயரமான யாரோ, இது வேண்டாம் என்று எடுத்துப் போட்ட மாதிரி.

அன்று மத்தியானம் பின் தெரு ஐஸ் பேக்டரியில் குழாய் வெடித்து அமோனியா கசிந்தது. கண் எரிகிறது, மூச்சு அடைக்கிறது, தெருவெல்லாம் ஓட்டம். நாத்தனார் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய வேன் டயரில் காற்று இறங்கிக் கிடந்தது. ஈரத் துணியை மூஞ்சியில் கட்டிக்கொண்டு கிடங்குக்குள் ஓடி, லாரியில் ஏறிச் சுவிட்சைத் திருகினாள். தெருவில் இருந்த கிழவன் கிழவி, குழந்தை குட்டி எல்லோரையும் பின்னால் அள்ளிப் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டாள். வண்டி திரும்பி நின்றதால் எடுத்தவுடனே போக முடிந்தது. மேட்டில் இறங்கி எல்லோரும் இருமிக்கொண்டிருந்தபோது அவள் என் காதில் சொன்னாள்.

"அண்ணி, இதுக்காகத்தான் திரும்பி நின்னுச்சோ?"

வாயை மூடு என்று சொன்னேன்.

இவர் கடையில் இருந்து ஓடி வந்தார். எல்லோரும் பிழைத்த சந்தோஷத்தில் இருக்க, இவர் மூஞ்சி மட்டும் சரியில்லை. யார் வேண்டுமானாலும் ஏறிச் சுவிட்சைத் திருகி எடுத்துக்கொண்டு போகலாம் என்றால் அது என்ன வண்டி என்று ஆரம்பித்தார். எடுத்துக்கொண்டு போனது உங்கள் தங்கை, தூக்கிப் போனது உங்கள் பெண்டாட்டியை என்றேன். அது வேறு என்றார். அன்றே கிடங்குக் கதவுக்கு, தான் செய்ததிலேயே பெரிய பூட்டைப் போட்டார். வண்டியை மறுபடி ஜன்னலைப் பார்க்க நிறுத்தினார்.

கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு காலை, பூட்டு பூட்டியபடியே இருந்தது, கதவைத் திறந்தால் வண்டி எங்களைப் பார்த்து நின்றது. பானட் சூடு. திண்டு தரையில். அன்று அடுத்த தெருவில் பஞ்சு குடோன் பற்றி எரிந்தது. காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது, நடுவில் திசை மாறி எதிர்ப்பக்கம் போய்விட்டது. நாங்கள் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து என்ன வருமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் எனக்கு வண்டி மேல் பயம் இல்லை. அது நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறது, அதன் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். அவருக்கோ வேறு கவலை. தன் பூட்டை எவனோ திறந்துவிட்டுத் திரும்பப் பூட்டியிருக்கிறான், அதுவும் ஒரு கீறல் இல்லாமல். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. கடைசியில் வண்டிக்கே பூட்டு போடுவது என்று முடிவு கட்டினார்.

பட்டாளத்துக்காரர் தகவல் தெரிந்து வீட்டுக்கே வந்துவிட்டார். வேண்டாம் என்று ஒரே பிடியாகச் சொன்னார். இத்தனை வருஷம் தன் கிடங்கில் அது தானாகத்தான் திரும்பி நின்றது, தான் அதைத் தடுத்ததில்லை, அதனால் தனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை என்றும் சொன்னார். இவர் கேட்டால்தானே. நீங்கள் பட்டாளத்தில் படித்ததைப் படித்தீர்கள், நான் என் தொழிலில் படித்ததைப் படித்தேன் என்று அனுப்பிவிட்டார்.

பூட்டு நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. திருகு சுவிட்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பித்தளையில் பதித்தார். ஒயரை வெட்டிச் சேர்த்து யாரும் கிளப்பிவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் இரும்புக் குழாய்க்குள் விட்டு வெல்டிங் வைத்தார். சாவி ஒன்றே ஒன்று. மறுசாவி செய்து வை என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மனுஷன், தனக்குச் செய்துகொள்ளவில்லை. இரண்டு சாவி இருந்தால் அது பூட்டே இல்லை என்றார். கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றவில்லை. தங்கையிடம் ஒன்று கொடுங்கள், அவளும் ஓட்டத் தெரிந்தவள்தானே என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பார்க்கலாம் பார்க்கலாம் என்றார்.

மழைக்காலம் வந்தது. வண்டி ஜன்னலைப் பார்த்தபடியே நின்றது. திரும்பவே இல்லை. இவருக்குச் சாப்பாடு இறங்க ஆரம்பித்தது.

ஒருநாள் காலை என்னைக் கிடங்குக்குள் கூப்பிட்டார், மூஞ்சியெல்லாம் சிரிப்பு. வந்து பார் என்றார். வண்டி வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் முன்சக்கரம் இரண்டும் ஒரு பக்கமாக முழுக்கத் திரும்பி நின்றன. சிமெண்ட் தரையில் ரப்பர் தேய்ந்த கறுப்புக் கோடு. திண்டு வழக்கம்போலக் கீழே. அவர் காட்ட நினைத்தது அதையெல்லாம் இல்லை, சாவி ஓட்டையை. பித்தளை முழுக்கக் கீறல். சாவி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர், விரலாலும் நகத்தாலும் திரும்பத் திரும்பத் திருகப் பார்த்த மாதிரி கீறல்.

"பாத்தியா? தோத்துட்டான். எவனா இருந்தாலும் என் பூட்டுகிட்ட தோத்துட்டான்."

இன்றைக்கு ஒருநாள் அந்தச் சாவியை வைத்துவிட்டுப் போங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். இன்றைக்கு ஜெயித்திருக்கிறேன், இன்றைக்கா கழற்றச் சொல்கிறாய் என்று கன்னத்தைத் தட்டிவிட்டுக் கடைக்குப் போனார். ஜெயித்த ஆள் நடக்கிற நடையாகத்தான் நடந்து போனார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் தெருவில் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. அணையைத் திறந்துவிட்டார்கள், தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போங்கள் என்று கத்திக்கொண்டே போனது. தெருமுனையில் மழைத்தண்ணீர் ஏற்கெனவே முழங்காலுக்கு மேல் நின்றது, நாத்தனாரின் வேன் அதில் செத்துப்போய்விட்டது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து கடக்கவும் முடியாத இழுப்பு. லாரி என்றால் அந்தத் தண்ணீரைச் சும்மா உழுதுகொண்டு போகும். ஆற்றுத் தண்ணீர் வர நேரமும் இருந்தது. நாத்தனார் சுத்தியலும் ஸ்குரூடிரைவரும் எடுத்துக்கொண்டு அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டினாள். கையெல்லாம் ரத்தம். இரும்புக் குழாய் நசுங்கக்கூட இல்லை. அண்ணன் வேலைப்பாடு அப்படி.

நான் அவருக்குப் போன் போட்டேன். அவர் கடை மேட்டில் இருக்கிறது. அவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. நாங்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம், நீங்கள் அங்கேயே இருங்கள் என்றேன். இரண்டு தரம் சொன்னேன்.

"சாவி எங்கிட்டல்ல இருக்கு" என்றார். குரலே மாறிப்போயிருந்தது. "நான் வராம நீங்க எப்படிப் போவீங்க? வந்துட்டேன் இரு."

அவ்வளவுதான் பேசினார்.

தண்ணீர் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு லாரியின் பின்பக்கம் ஏறி, தார்ப்பாய் கட்டும் இரும்பு வளைவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கிடங்குக் கதவு பிய்த்துக்கொண்டு போயிற்று. எங்கள் வீட்டு ஓடு சரிகிற சத்தம் கேட்டது. வண்டி மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவ்வளவு தண்ணீரும் அதன் மேல் மோதியது, அது எங்களைத் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. நான் அவர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்து படகு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெரு திரும்புகிற முனையில், மின்கம்பத்தின் பக்கத்தில் அவரைக் கண்டெடுத்தார்கள். வீட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிறு இருந்தது, சாவி இருந்தது. பட்டாளத்துக்காரர்தான் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அன்று தன் இரும்புக் கிடங்கில் சிரித்துக்கொண்டே சொன்னதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, இரண்டு பேருமே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டைச் சரிசெய்தோம். வண்டிக்குள் புகுந்த சேற்றை நான்தான் கழுவினேன். பட்டாளத்துக்காரர் வந்து பூட்டை அறுத்து எடுத்துவிட்டு, பழைய திருகு சுவிட்சையே மாட்டிக் கொடுத்தார். நாத்தனார் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். எனக்குக் கால் நன்றாக எட்டும், திண்டு தேவையில்லை. அதைத் துவைத்துக் காயவைத்து, தூக்கிப் போட மனசு வராமல் சீட்டுக்குப் பின்னால் செருகிவைத்தேன்.

ஊரில் எல்லோரும், இனிமேலாவது வண்டியைத் தெருவைப் பார்க்க நிறுத்து என்று சொல்கிறார்கள். நான் கேட்பதில்லை. தினமும் சாயங்காலம் ஜன்னலைப் பார்க்கத்தான் நிறுத்துகிறேன். தெருவைப் பார்க்க நானே நிறுத்திவிட்டால், திருப்புகிறவர் வந்து சொல்வது எனக்கு எப்படித் தெரியும்? நாத்தனார் என்னைப் பைத்தியம் என்கிறாள். இருக்கட்டும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கிடங்கைத் திறக்கிறேன். ரொம்ப காலம் வண்டி வைத்தது வைத்தபடியே இருந்தது. சில நாள் அங்கேயே நின்று அவரைத் திட்டிவிட்டு வருவேன்.

இன்று காலை திறந்தேன். வண்டி தெருவைப் பார்த்து நின்றது.

மழைக்காலம் இல்லை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. தெருவில் பால்காரர் போய்க்கொண்டிருந்தார், எங்கும் ஒரு புகை, ஒரு நாற்றம் கிடையாது. பானட்டைத் தொட்டேன், சூடாக இருந்தது. கதவைத் திறந்து தரையில் தேடினேன். திண்டு தரையில் இல்லை. சீட்டின் மேல் இருந்தது. கீழே ஒரு பாதி, முதுகுக்கு ஒரு பாதி என்று, அவர் எப்படிப் போட்டுக்கொள்வாரோ அப்படியே, நடுவில் உட்கார்ந்து எழுந்த குழியோடு இருந்தது.

கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உள்ளே ஓடி நாத்தனாரை எழுப்பி, குழந்தையைத் தூக்கு, கிளம்பு என்றேன். அவள் தூக்கக் கலக்கத்தில் என்ன ஆச்சு அண்ணி, என்ன வரப்போகுது என்று கேட்டாள்.

"தெரியாது. உங்க அண்ணன் திருப்பி வெச்சிருக்காரு. ஏறு."

சுவிட்சைத் திருகினேன், உடனே பிடித்துக்கொண்டது. திண்டை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஹாரனை அழுத்தியபடி தெருவில் மெதுவாக ஓட்டினேன், ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தினேன். சிலர் திட்டினார்கள், சிலர் ஒரு கேள்வியும் கேட்காமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினார்கள். பின்னால் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.